ஊர் மாறி வந்த பெண்களும் உள்ளூர் அரசியலும்: தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மகளிர் குழு வேலையாகத் தளி, ஓசூர், பாலக்கோடு, பென்னாகரம் பக்கமெல்லாம் போய்வருகிறேன். எங்கே உட்கார்ந்தாலும் கேள்விகள் ஒரே மாதிரிதான் வருகின்றன. கேட்பவர்களில் கர்நாடகத்திலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள் உண்டு. கம்பெனி வேலைக்காக வடக்கேயிருந்து வந்த பெண்கள் உண்டு. மறுவாழ்வு முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழ்ப் பெண்களும் உண்டு. இந்த ஊர் அரசியலில் தங்களுக்கு இடமில்லை என்று இவர்களில் பலர் நம்புகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவே இல்லை. அதனால் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

நான் ஆனேக்கல் பக்கம் பொறந்தவ. கல்யாணமாகி தளிக்கு வந்துட்டேன். எனக்கு இங்க ஓட்டு உண்டா அக்கா?

உண்டு. இந்தியக் குடிமகளாக இருக்க வேண்டும், 18 வயது முடிந்திருக்க வேண்டும், இங்கே வழக்கமாகக் குடியிருக்க வேண்டும். அரசமைப்பின் 326-ஆவது பிரிவும் 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமும் கேட்பது இவ்வளவுதான். எந்த மாநிலத்தில் பிறந்தீர்கள், வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று யாரும் கேட்கக் கூடாது. ஓசூர் வட்டாரத்தில் தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசும் வீடுகள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. பெண் எடுப்பதும் கொடுப்பதும் மாலூர், குப்பம், கோலார் என்று எல்லை தாண்டித்தான் நடக்கிறது.

இத்தனை ஆண்டு இங்கே இருந்திருக்க வேண்டும் என்ற கணக்கும் கிடையாது. ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள். வயது 18 ஆகிவிட்டதா என்பதை இந்த நாட்களை வைத்துத்தான் பார்ப்பார்கள்.

பொறந்த ஊர்ல இருக்கற ஓட்டு இருக்கட்டும். இங்கயும் ஒண்ணு போட்டுக்கிட்டா என்ன?

கூடாது. ஒருவர் பெயர் ஒரே ஒரு தொகுதியில், ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கலாம். தெரிந்தே பொய் உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்று அதே சட்டத்தின் 31-ஆவது பிரிவு சொல்கிறது. யாராவது "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, கையெழுத்துப் போடும்மா" என்று சொன்னால், மாட்டிக்கொள்ளப் போவது கையெழுத்துப் போட்டவர்தான், சொன்னவர் இல்லை.

ஏற்கெனவே எங்காவது ஓட்டு இருந்தால் படிவம் 8 கொடுங்கள். இடமாற்றம், பெயர்த் திருத்தம், அட்டை மாற்றம் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு படிவம் போதும். படிவம் 6 இதுவரை எங்கேயும் ஓட்டே இல்லாதவர்களுக்கு. ஓட்டு இருப்பவர்களுக்கும் அவசரத்தில் படிவம் 6-ஐ நிரப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். பெயர் இரண்டு இடத்தில் வருவது பெரும்பாலும் அப்படித்தான். வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமும் தாலுகா அலுவலகத்திலும் படிவம் கிடைக்கும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலோ கைப்பேசிச் செயலியிலோ நேராகவும் கொடுக்கலாம். சந்தேகம் என்றால் 1950 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

வாடகை வீடுங்க. ஓனர் அக்ரிமென்ட் போட்டுத் தர மாட்டேங்கறார். எந்த ஆதாரத்தைக் கொடுக்கறது?

அக்ரிமென்ட் ஒன்றை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். இந்த முகவரிக்கு மாற்றிய ஆதார், வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக், தண்ணீர், மின்சார, கேஸ் இணைப்பு ரசீது, பாஸ்போர்ட் இவற்றில் ஏதாவது ஒன்று போதும். ரசீது என்றால் இணைப்பு ஓராண்டாவது இருந்திருக்க வேண்டும். வீட்டில் வேறு யார் பெயரிலும் எதுவும் இல்லாத நிலையில் மகளிர் குழு சேமிப்புக்காகத் தொடங்கிய வங்கிக் கணக்கின் பாஸ்புக் பல பெண்களுக்குக் கைகொடுத்திருக்கிறது. அதில் முகவரி சரியாக இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதுவுமே இல்லையென்றாலும் விண்ணப்பத்தை வாங்க மறுக்க முடியாது. அலுவலர் வீட்டுக்கு நேரில் வந்து விசாரித்து முடிவு செய்ய வேண்டும். அன்றைக்கு வீட்டில் ஆள் இருக்க வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லி, கைப்பேசி எண்ணையும் கொடுத்துவிட்டுப் போங்கள்.

எங்க கம்பெனி லைன்ல ஜார்க்கண்ட், ஒடிசா பொண்ணுங்க ஹாஸ்டல்ல தங்கி வேலை செய்யறாங்க. அவங்களுக்கும் இங்க ஓட்டு வாங்கலாமா?

வாங்கலாம், அவர்கள் விரும்பினால். தங்குமிடம் ஹாஸ்டல் என்பதற்காக உரிமை போகாது. இங்கேயே வழக்கமாக வசிக்கிறார்கள் என்று காட்ட முடிந்தால் போதும். ஆனால் நான் அவர்களை அவசரப்படுத்த மாட்டேன். சில மாதங்களில் ஊர் திரும்பப் போகிற பெண் இங்கே மாற்றிக்கொண்டால் மறுபடி அங்கே மாற்ற அலைய வேண்டியிருக்கும். இரண்டு மூன்று வருடம் இங்கேதான் என்று இருப்பவர்கள், அதிலும் ஹாஸ்டலை விட்டு வெளியே அறை எடுத்துத் தங்கியவர்கள், மாற்றிக்கொள்வது நல்லது. தெரு விளக்கு எரியாததும் இரவு ஷிஃப்ட் முடிந்து நடக்கும் சாலையும் இந்த ஊர்ப் பிரச்சினை. அதைக் கேட்கும் உரிமை இந்த ஊர்ப் பட்டியலில் பெயர் இருந்தால்தான் முழுசாக வரும்.

முடிவு அந்தப் பெண்ணுடையதாக இருக்கட்டும். வார்டனோ ஏஜெண்டோ மொத்தமாகப் படிவம் நிரப்பிக் கையெழுத்து வாங்குவது கூடாது. காரணம் இரண்டாவது கேள்வியின் பதிலில் இருக்கிறது.

ஓட்டை இங்க மாத்தினா ஊர்ல ரேஷன் கார்டு, ஆயிரம் ரூபாய் எல்லாம் நின்னுடுமா?

நிற்காது. வாக்காளர் பட்டியல் தேர்தல் ஆணையத்துடையது. ரேஷன் அட்டை உணவுத்துறையுடையது. இந்தப் பக்கம் பெயர் நகர்ந்தால் அந்தப் பக்கம் தானாக எதுவும் அழியாது. வெளிமாநில அட்டை வைத்திருப்பவர்களுக்கு 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டம் 2020 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டிலும் இருக்கிறது.

மகளிர் உரிமைத்தொகை வேறு கதை. அதற்கான விண்ணப்ப முகாம்களை 2023 ஜூலையில் நம் தொப்பூரில்தான் தொடங்கிவைத்தார்கள். அது தமிழ்நாட்டு ரேஷன் அட்டையை வைத்துக் கொடுப்பது. திருமணமாகி வந்தவர்கள் பிறந்த வீட்டு அட்டையிலிருந்து பெயரை நீக்கி, புகுந்த வீட்டு அட்டையில் சேர்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.

போன வருஷ கணக்கெடுப்புல பழைய பட்டியல்ல என் பேர் எங்கன்னு கேட்டாங்க. நான் அப்ப கர்நாடகாவுல சின்னப் புள்ள. என்ன பண்ணறது?

2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தைச் சொல்கிறீர்கள். இங்கே முன்பு 2002-லும் 2005-லும் நடந்த திருத்தத்தின் பட்டியலில் நம் பெயரோ பெற்றோர் பெயரோ இருக்கிறதா என்று கேட்டார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த ஆண்களுக்கு அது பெரிய வேலையில்லை, பட்டியலில் அதே வீட்டு எண்ணில் அப்பா பெயர் இருக்கும். வாழ்க்கைப்பட்டு வந்த பெண்ணுக்கோ அப்பா பெயர் இன்னொரு மாநிலத்துப் பட்டியலில், இன்னொரு எழுத்தில் கிடக்கிறது. இந்தச் சுமை முழுக்கப் பெண்கள் தலையில்தான் விழுந்தது.

வழி இருக்கிறது. பிறந்த ஊர்ப் பட்டியலில் அப்பா, அம்மா பெயர் இருந்தால் அந்த விவரத்தைக் காட்டலாம். அந்தந்த மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் பழைய பட்டியல் இருக்கிறது. கன்னடமோ தெலுங்கோ படிக்கத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேடுங்கள். அண்ணனிடமோ தம்பியிடமோ சொல்லி, பட்டியலின் பாக எண்ணையும் வரிசை எண்ணையும் ஒரு தாளில் எழுதி வாங்கி வையுங்கள். இன்னொரு முறை யாராவது கேட்டால் அந்த ஒரு தாள் போதும். பெயர் விடுபட்டவர்கள் உறுதிமொழியோடு படிவம் 6 கொடுக்க வேண்டும்.

பெயர் விஷயத்தையும் இதோடு சரிசெய்துவிடுங்கள். பிறந்த வீட்டில் லட்சுமம்மா, ஆதாரில் லட்சுமி, ரேஷன் அட்டையில் லக்ஷ்மி, இனிஷியல் ஒன்றில் அப்பாவுடையது, இன்னொன்றில் கணவருடையது. இப்படி நான்கு விதமாக இருந்தால் ஒவ்வொரு மேசையிலும் திருப்பி அனுப்புவார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து எல்லாவற்றையும் அதற்கு மாற்றுங்கள்.

எனக்குத் தமிழ் படிக்க வராது. வீட்டுக்காரரைக் கூட்டிட்டுப் போய் ஓட்டுப் போடலாமா?

முடியாது. கண் தெரியாதவர்கள், உடல் இயலாதவர்கள் மட்டும்தான் துணைக்கு ஆளை அழைத்துச் செல்லலாம். எழுத்துத் தெரியாதது அதற்குக் காரணமாகாது. இதைப் பாதுகாப்பாகவே பாருங்கள். உங்கள் ஓட்டு யாருக்கு என்று வீட்டில்கூட யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தலில் இயந்திரத்தில் சின்னத்தோடு வேட்பாளரின் படமும் இருக்கும். கிராமப்புற உள்ளாட்சித் தேர்தல்தான் குழப்பும். 2019-இல் ஒவ்வொருவர் கையிலும் நான்கு சீட்டு கொடுத்தார்கள். ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். வார்டு உறுப்பினருக்குப் பொதுவாக வெள்ளை. வார்டுக்கும் தலைவர் பதவிக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. எல்லோருக்கும் தனிச் சின்னம்தான். பழகிய கட்சிச் சின்னத்தைத் தேடினால் கிடைக்காது. அதனால் வேட்பாளரின் சின்னம் என்ன என்று முதல் நாளே கேட்டு மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாக்காளர் அட்டை கையில் இல்லை என்று திரும்பிப் போகவும் வேண்டாம். பட்டியலில் பெயர் இருந்தால் ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், படம் ஒட்டிய பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை என்று பல ஆவணங்களை ஏற்பார்கள்.

கிராம சபைக்குப் போறேன்னா மாமியார், "புதுசா வந்தவளுக்கு அங்க என்ன வேலை"ங்கறாங்க. நான் போகலாமா?

தாராளமாகப் போகலாம். 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோருமே கிராம சபை உறுப்பினர்கள். வந்து ஒரு வருடமா, முப்பது வருடமா என்று அங்கே பார்ப்பதில்லை. யாரும் கூப்பிட வேண்டியதும் இல்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாட்கள் கூடும்.

இன்னொன்றையும் மாமியாரிடம் சொல்லுங்கள். ஆள் எண்ணிக்கை இல்லாமல் கிராம சபை செல்லாது. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். பெரும்பாலும் இந்த எண்ணிக்கையை நிறைப்பது நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள்தான். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, டீயைக் குடித்துவிட்டுப் பத்து நிமிடத்தில் திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் போட்ட கையெழுத்தின் பலத்தில் தீர்மானம் நிறைவேறுகிறது, என்ன தீர்மானம் என்று அவர்களுக்கே தெரிவதில்லை. எனக்கு இதுதான் மிகவும் மனசு வலிக்கிற இடம். மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். இருவரும் கடைசி வரை இருங்கள்.

போனா என்ன பேசறது? எனக்குத் தமிழ் திக்கும், சிரிப்பாங்க.

நீளமாகப் பேச வேண்டாம். ஒரே ஒரு விஷயத்தை எடுங்கள்: எங்கள் தெருவுக்குத் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு தடவை வருகிறது, அங்கன்வாடிக் கட்டடம் ஏன் பூட்டிக் கிடக்கிறது என்கிற மாதிரி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகும் புளோரைடு கலந்த போர்வெல் தண்ணீரைக் குடிக்கும் தெருக்கள் இருந்தால் அதைவிடப் பெரிய விஷயம் வேறில்லை. கோரிக்கையைத் தாளில் எழுதி, தெருப் பெண்கள் நான்கைந்து பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். "இதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்" என்பது ஒரு வரி. தெலுங்கில் சொல்லி, பக்கத்தில் இருப்பவர் தமிழில் எடுத்துச் சொன்னாலும் சரிதான். எழுதப்பட்டதா என்று படித்துக் காட்டச் சொல்லுங்கள். வாயால் சொல்லி எழுதாமல் விட்டது அடுத்த கூட்டத்தில் இருக்காது.

தனியாகப் போகக் கூச்சமென்றால் குழுவாகப் போங்கள். தமிழ்நாட்டில் அரசு முன்னெடுத்த மகளிர் சுயஉதவிக் குழுக்கள் முதலில் தொடங்கியதே 1989-இல் அன்றைய தர்மபுரி மாவட்டத்தில்தான். அப்போது கிருஷ்ணகிரியும் அதில் சேர்ந்தே இருந்தது, தனி மாவட்டம் ஆனது 2004-இல். வெளியூரிலிருந்து வந்த மருமகள்கள் இந்த ஊரில் தங்கள் பெயரைச் சொல்லிப் பேசிய முதல் இடம் பல கிராமங்களில் குழுக் கூட்டம்தான். புதிதாக வந்தவர்களைக் குழுவில் சேர்க்கத் தயங்கும் தலைவிகளுக்கும் இதை நினைவுபடுத்துகிறேன்.

நாங்க ஓசூர் டவுன்ல இருக்கோம். மாநகராட்சிக்குக் கிராம சபை கிடையாதே?

கிராம சபை இல்லை, ஆனால் பகுதி சபை இருக்கிறது. 2022-இல் விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி முதல் கூட்டங்கள் நடந்தன. ஒவ்வொரு வார்டுக்கும் கவுன்சிலர் தலைமையில் வார்டு குழு, அதன் கீழே பகுதி சபைகள். அந்தப் பகுதியின் வாக்காளர்கள் எல்லோரும் உறுப்பினர்கள். ஓசூரில் 45 வார்டுகள். உங்கள் பகுதி சபை எப்போது, எங்கே கூடுகிறது என்று கவுன்சிலரைக் கேளுங்கள். கேட்க ஆளில்லாத இடத்தில் இந்தச் சபைகள் பெயரளவில்தான் இருக்கும்.

எலெக்‌ஷன்ல நிக்கணும்னா எத்தனை வருஷம் இங்க இருந்திருக்கணும்?

வருடக் கணக்கு இல்லை. 21 வயது முடிந்திருக்க வேண்டும், அந்த ஊராட்சியின் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், ஊராட்சிக்குக் கட்ட வேண்டிய வரியில் பாக்கி இருக்கக் கூடாது. ரசீதை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். உள்ளாட்சிப் பட்டியல் சட்டமன்றப் பட்டியலை வைத்துத்தான் தயாராகிறது. அதனால் முதல் கேள்வியில் சொன்ன வேலையை முடிக்காமல் இங்கே வர முடியாது. 2019-இல் வார்டு உறுப்பினருக்கு வைப்புத்தொகை 200 ரூபாய், தலைவருக்கு 600 ரூபாய். பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி.

தமிழ்நாட்டில் 2016-இல் உள்ளாட்சி இடங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். அதற்கு முன்பு மூன்றில் ஒரு பங்கு. நம் இரண்டு மாவட்டங்களிலும் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பில் விடப்பட்டன. தேர்தல் அறிவித்த பிறகு பெயர் சேர்க்க ஓடுவதைவிட இப்போதே சேர்த்துவைப்பது மேல்.

நான் கர்நாடகாவுல எஸ்.சி. சர்ட்டிபிகேட் வாங்கினவ. இங்க எஸ்.சி. பெண்கள் வார்டுல நிக்கலாமா?

அந்தச் சான்றிதழை வைத்து நிற்க முடியாது. பட்டியல் சாதி, பழங்குடிப் பட்டியல் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி. ஒரு மாநிலத்தின் தகுதி இன்னொரு மாநிலத்துக்குக் கூடவே வராது என்பதை உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2018-இல் பீர் சிங் வழக்கில் மறுபடியும் உறுதிசெய்தது. கணவர் இங்கே பட்டியல் சாதி என்பதும் உதவாது, திருமணத்தால் சாதித் தகுதி வருவதில்லை. லம்பாடிப் பெண்களைப் பார்த்தால் இது நன்றாகத் தெரியும். கர்நாடகத்தில் அவர்கள் பட்டியல் சாதி, ஆந்திராவில் பழங்குடி, தமிழ்நாட்டில் இரண்டிலும் இல்லை. எல்லையிலிருந்து சில மைல் தள்ளி வாழ்க்கைப்பட்டதற்காக ஒரு பெண் இடஒதுக்கீட்டை இழப்பது நியாயமில்லை என்பது என் கருத்து. ஆனால் சட்டம் இன்றைக்கு இதுதான். தெரியாமல் மனு கொடுத்து, ஜெயித்த பிறகு வழக்கில் பதவி போவது இன்னும் கொடுமை.

பொதுப் பெண்கள் இடத்திலும் பொது இடத்திலும் நீங்கள் நிற்கலாம். அதற்குத் தடையே இல்லை.

ஜெயிச்சா நிர்வாகத்தை வீட்டுக்காரர் பாத்துக்குவார்னு சொல்லிதான் நிறுத்தறாங்க. அது சரியா?

சரியில்லை. தலைவர் நாற்காலியில் உட்காரவும் கோப்பில் கையெழுத்துப் போடவும் தேர்ந்தெடுக்கப்பட்டவருக்குத்தான் அதிகாரம். காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். தணிக்கையில் தப்பு வந்தால் பதில் சொல்ல வேண்டியது கையெழுத்துப் போட்டவர்தான். வெளியூரிலிருந்து வந்தவருக்கு இந்த ஆபத்து இரட்டிப்பு. ஊரில் சொந்தபந்தம் குறைவு, எழுத்தும் புதிது, அதனால் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிடுவார். படித்துக் காட்டாத தாளில் கையெழுத்து இல்லை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஊராட்சிச் செயலரை ரசீதுப் புத்தகத்தோடு உட்காரவைத்து ஒவ்வொரு கணக்காகக் கேளுங்கள். கேட்கக் கேட்கப் பழகிவிடும்.

நாங்க பென்னாகரம். வருஷம் பூரா பெங்களூர்ல கட்டட வேலை. எங்களுக்கு எங்க ஓட்டு?

வந்தவர்களைப் பற்றியே பேசுகிறோம். நம் மாவட்டத்திலிருந்து போனவர்கள் அங்கே வந்தவர்கள்தான். தற்காலிகமாக வெளியே போவதால் மட்டும் ஊரில் உங்கள் குடியிருப்பு போய்விடாது என்று 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு சொல்கிறது. ஊரில் வீடு இருந்தால் மட்டும் போதாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. மாதக்கணக்கில் ஷெட்டில் தங்கி, நோன்பு நொடிக்கும் விதைப்புக்கும் ஊர் திரும்புகிறவர்கள் இங்கேயே வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகளை அங்கே பள்ளியில் சேர்த்துக் குடும்பத்தோடு தங்கிவிட்டவர்கள் அங்கே மாற்றிக்கொள்வதுதான் முறை. இங்கேயே வைத்திருந்தால் வீடுவீடாகச் சரிபார்க்க வரும்போது பூட்டிய வீடு என்று பெயரை எடுத்துவிடும் ஆபத்தும் இருக்கிறது.

அங்கேயிருந்தபடி இந்தத் தொகுதிக்கு ஓட்டுப் போட வழி இல்லை. தொலைதூர வாக்கு இயந்திரம் பற்றித் தேர்தல் ஆணையம் 2022 கடைசியில் பேசியது, கட்சிகள் ஒத்துக்கொள்ளாமல் அது நின்றுவிட்டது. ஆனால் சட்டமன்ற, நாடாளுமன்ற வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு இருக்கிறது. தினக்கூலிக்கும் அது பொருந்தும். மேஸ்திரியிடம் பெண்கள் சேர்ந்து முன்கூட்டியே கேளுங்கள்.

நான் முகாம்ல இருக்கற இலங்கைத் தமிழ்ப் பொண்ணு. இந்தியாவுலதான் பொறந்தேன். எனக்கு ஓட்டு உண்டா?

நீங்கள் பிறந்த தேதியைப் பொறுத்தது. 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்பு வரை இந்தியாவில் பிறந்தவர் பெற்றோர் யாராக இருந்தாலும் பிறப்பால் இந்தியர். அதன் பிறகு 2004 டிசம்பர் 3-க்கு முன்பு வரை பிறந்தவர் என்றால் தாய் அல்லது தந்தை இந்தியராக இருக்க வேண்டும். அதற்கும் பிறகு பிறந்தவர் என்றால் ஒருவர் இந்தியராக இருந்து, மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இல்லாமல் இருக்க வேண்டும். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் தரச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022-இல் உத்தரவிட்டது. திருச்சி முகாமில் வசித்த அவர் 2024 ஏப்ரலில் நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டும் போட்டார். உங்கள் தேதி அந்தக் காலத்துக்குள் வந்தால் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுங்கள். முதலில் வேண்டியது அதுதான்.

இந்தியரைத் திருமணம் செய்தவர் ஏழு ஆண்டு இங்கே வசித்த பின் பதிவு மூலம் குடியுரிமை கேட்கலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் முறையான பயண ஆவணம் இல்லாமல் வந்தவர்களைச் சட்டம் வேறு வகையாகப் பார்ப்பதால், முகாம் பெண்களுக்கு அந்தக் கதவு இதுவரை எளிதில் திறக்கவில்லை. 2019-இன் குடியுரிமைச் சட்டத் திருத்தம் சலுகை கொடுத்த நாடுகளிலும் இலங்கை இல்லை. 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்தவர்களுக்கு, ஆவணம் இல்லாததற்கான தண்டனையிலிருந்து 2025-இல் விலக்கு கிடைத்தது. அது குடியுரிமை ஆகாது. முப்பது, நாற்பது ஆண்டு இந்த மண்ணில் உழைத்த பெண்களுக்கு ஓட்டு இல்லாமலிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அதற்காக யாராவது ஓட்டு அட்டை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். குடியுரிமை இல்லாமல் பெயரைச் சேர்த்தால் நாளைக்குக் குடியுரிமை விண்ணப்பமே அதனால் கெடும்.

ஓட்டு இல்லைன்னா வாயை மூடிக்கிட்டு இருக்கணுமா?

வேண்டாம். சட்டத்தின் முன் சமத்துவமும் உயிர்வாழும் உரிமையும் குடிமக்களுக்கு மட்டும் உரியவை அல்ல, இந்த நாட்டில் இருக்கும் எல்லோருக்கும் உரியவை. திங்கட்கிழமை தோறும் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் யாரும் மனு கொடுக்கலாம். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் குடிமக்களுக்கு மட்டும்தான். ஆகவே முகாமில் இருப்பவருக்குத் தகவல் தேவைப்பட்டால் குடியுரிமை உள்ள தோழி தன் பெயரில் கேட்டுத் தரலாம். பீகார், ஒடிசாப் பெண்களுக்கு இந்தத் தடை இல்லை. இங்கே ஓட்டு இல்லாவிட்டாலும் அவர்கள் குடிமக்கள், நேராகவே கேட்கலாம்.

கிராம சபையில் வாக்காளர் அல்லாதவர் தீர்மானத்துக்குக் கை தூக்க முடியாது. ஆனால் முகாம் தண்ணீர்ப் பிரச்சினையை அந்த ஊராட்சியின் பெண்கள் தங்கள் கோரிக்கையாக எடுத்துப் பேசலாம். இதைச் செய்கிற ஊர்கள் இருக்கின்றன, எல்லா ஊரும் செய்யலாம்.

"இவங்க வெளியாளுங்க, பேரை எடுங்க"ன்னு எங்க மேல எழுதிக் கொடுத்துட்டாங்க. என்ன செய்யறது?

பயப்பட வேண்டாம். அதற்குப் பெயர் படிவம் 7. அதைக் கொடுப்பவர் அந்தப் பட்டியலில் பெயர் உள்ளவராக இருக்க வேண்டும், காரணத்தையும் நிரூபிக்க வேண்டும். உங்களுக்கு நோட்டீஸ் தந்து விசாரிக்காமல் பெயரை எடுக்கக் கூடாது. வேறு மாநிலத்தில் பிறந்ததோ வேறு மொழி பேசுவதோ காரணமே ஆகாது. விசாரணை நாளில் மூன்றாவது கேள்வியில் சொன்ன ஆவணங்களோடு போங்கள். பக்கத்து வீட்டார் இருவரையும் கூட்டிப் போவது நல்லது.

மீறி நீக்கினால் உத்தரவின் நகலைக் கேட்டு வாங்குங்கள். 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் முதல் மேல்முறையீடு, அங்கும் சரிவராவிட்டால் 30 நாளுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் இரண்டாவது. நோட்டீஸ் பழைய முகவரிக்குப் போய், கெடு முடிந்த பிறகு விஷயம் தெரிந்து அழுதவர்கள் உண்டு. வீடு மாறினால் அந்த வாரமே படிவம் 8 கொடுத்துவிடுங்கள்.